கை படாத கறுப்புக் கார்

முதலில் என் கையெழுத்துக்கும் எழுத்துப் பிழைகளுக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்புக்கு மேல் நான் படிக்கவில்லை. எங்கள் ஹொல்ஸ்டெப்ரோ தமிழர் ஆண்டு மலரைத் தயாரிக்கும் தம்பிமார், “அண்ணை, உங்கட வேலை அனுபவத்தை எழுதித் தாங்கோ, பிழையெல்லாம் நாங்கள் திருத்துறம்” என்று மூன்று வருடமாகக் கேட்கிறார்கள். நானும் மூன்று வருடமாக அவர்களைக் கண்டால் கடையில் அடுத்த வரிசைக்குள் ஒளித்துத் திரிந்தேன். நாலு பேர் நிற்கும் இடத்தில் எனக்கு வாய் வராது. எழுதச் சொன்னால் அதைவிட மோசம்.

இப்போது எழுதுவது அவர்கள் கேட்டதற்காக அல்ல. கோபத்தில் எழுதுகிறேன். தம்பிமாரே, பிழைகளைத் திருத்துங்கள், வளைந்த வசனங்களை நேராக்குங்கள். ஒரே ஓர் இடத்தில் மட்டும் என் கையெழுத்தை அச்செழுத்தாக மாற்றக்கூடாது. அது எந்த இடம் என்று முடிவில் சொல்கிறேன்.

சென்ற வாரம் ஓகூஸில் வேலை செய்யும் என் மகள் மதுரா தொலைபேசியில் ஒரு படம் அனுப்பினாள். பழைய கார்கள் விற்கும் இணையப் பக்கத்தில் வந்த விளம்பரம். எண்பதுகளில் அமெரிக்காவில் செய்த, டர்போ பூட்டிய, இரண்டு கதவுள்ள கறுப்புக் கார். “அப்பா, இது உங்கட இங்கரின்ர கார்தானே?” என்று கேட்டிருந்தாள். இங்கர் நான் வேலை செய்த கராஜின் பழைய வாடிக்கைக்காரர். பார்த்த உடனே தெரிந்தது. படத்தின் கீழே டெனிஷில் இப்படி இருந்தது: ‘தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாளிலிருந்து கை படாத கார். அதைச் செய்த அமெரிக்கத் தொழிலாளியின் கையெழுத்துக்கூட அழியாமல் இருக்கிறது.’ அதற்கு அத்தாட்சியாக எஞ்சின் அறையின் பின்சுவரைக் கிட்டவாகப் பிடித்த இன்னொரு படம். மஞ்சள் மெழுகுப் பென்சிலால் எழுதிய நாலு இலக்கங்கள்: 1174.

அதை எழுதியவன் நான்.

கை படாத காராம்! முப்பது வருடத்துக்கு மேலாக அந்தக் கார்களுக்குள் கிடந்து தோல் உரிந்த கைகள் எனக்கு. அந்த ஒரு காரில் மட்டும் எத்தனை நாள் என் கை இருந்தது என்று எனக்குத் தெரியும். எழுதியவன் கூசாமல் எழுதியிருக்கிறான்.

டென்மார்க்குக்கு நான் இருபத்தொரு வயதில் வந்தேன். இரண்டு வருடம் மீன் தொழிற்சாலை. பிறகு வேலைவாய்ப்புக் கந்தோர் என்னை ஊருக்கு வெளியே இருந்த ஒரு கராஜுக்குக் கூட்டித் துடைக்க அனுப்பியது. துடைத்தேன். பிறகு சாமான் கழுவினேன், பிறகு கழற்றினேன். நாலாவது வருடத்தில்தான் பூட்ட விட்டார்கள். எனக்கு முதலில் தெரிந்த டெனிஷ், எஞ்சின் உறுப்புகளின் பெயர்கள். ‘வணக்கம், சுகமா’ எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

அந்த கராஜுக்குச் சாதாரணக் கார்கள் வருவது குறைவு. மேலே சொன்ன மாதிரிக் கார்களைச் சேர்க்கிறவர்கள் எங்கள் யூலண்ட் பகுதி முழுவதிலும் இருந்து அங்கேதான் கொண்டு வருவார்கள். அந்தக் காலத்து அமெரிக்கக் கார் என்றால் பெரிய எட்டு சிலிண்டர் எஞ்சின்தான் என்று எல்லோரும் நினைப்பார்கள். இவற்றுக்கு ஆறு சிலிண்டர்தான், சிலதுக்கு நாலுதான். ஆனால் டர்போ இருக்கும். டர்போ என்பது தேங்காய் அளவில் ஒரு சுழலி. வெளியே போகிற சூடான புகை அதைச் சுற்ற, அது எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும். கால் வைத்தால் முதலில் ஒன்றும் நடக்காது. ஒரு மூச்சு எடுக்கிற நேரம். பிறகு முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொள்ளும். பார்வைக்கோ செத்தவீட்டுக்குப் போகிற கார் மாதிரிக் கறுப்பாய், சதுரமாய் நிற்கும். அந்த அடக்கத்துக்காகவே அவற்றைச் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள்.

எங்கள் ஆட்களுக்கு இது விளங்காது. மீன் தொழிற்சாலையில் என்னோடு நின்ற குணம் அண்ணை ஒருநாள் கராஜுக்கு வந்து சுற்றிப் பார்த்தார்.

“உன்ர முதலாளிமார் ஜப்பான் கார் ஒண்டும் கண்டதில்லையோ தவம்? வருசத்தில ஆறு மாசம் போர்வையால மூடி வைக்கிற காரால என்ன பிரயோசனம்? பூசை செய்யிறதோ?”

“பூசை மாதிரித்தான் அண்ணை.”

“அப்ப நீ ஐயர். தட்டில ஏதும் விழுகுதோ?”

சிரித்தேன்.

எங்கள் மேஸ்டரின் பெயர் ஈப். கராஜ் முதலாளியை இங்கே மேஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவரைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் இன்றைக்கு அந்த இடத்தில் நடக்கிறதை அளக்க எனக்கு இருக்கிற முழக்கோல் அவர்தான். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அவர்கள் பேசிய டெனிஷை நான் எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன். எனக்கு அப்படித்தான் காதில் விழுந்தது.

எல்லா மெக்கானிக்கும் வேலை முடிந்து கை கழுவுவார்கள். ஈப் வேலை தொடங்க முன்னமும் கழுவுவார். மரச்செருப்புச் சத்தம் கேட்டால் நாங்கள் வானொலியின் சத்தத்தைக் குறைப்போம். அவர் சத்தம் போட்டதே இல்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைப்பார். அவ்வளவுதான். அதைக் கண்டு பெரிய மனிதர்கள் பயந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

டர்போ கார் ஓடி வந்து நின்றதும் எஞ்சினை நிறுத்தக்கூடாது. சுழலி சிவக்கச் சூடாகி இருக்கும். நிறுத்தினால் அதற்கு எண்ணெய் ஓட்டமும் நின்று, நின்ற எண்ணெய் உள்ளேயே கருகிக் கட்டியாகிவிடும். இரண்டு நிமிடம் சும்மா ஓடவிட வேண்டும். கோபன்ஹேகன் பக்கத்து ஒரு பெரிய வைத்தியர் வந்து இறங்கின கையோடு நிறுத்திவிட்டு, கோப்பி எங்கே என்று கேட்டார். ஈப் கண்ணாடியைக் கழற்றினார்.

“திரும்ப ஸ்டார்ட் பண்ணுங்கோ.”

“ஏன்? இப்பதானே வந்தனான்.”

“அதுக்குத்தான். நீங்கள் ஒப்பரேசன் முடிஞ்ச உடன நோயாளியை எழுப்பி வீட்டுக்கு அனுப்புறனீங்களோ?”

வைத்தியர் உள்ளே ஏறி இரண்டு நிமிடம் இருந்தார். ஈப் பக்கத்தில் கதவில் கை வைத்தபடி நின்றார்.

புதிதாக ஒரு கார் வந்தால் முதல் நாள் எந்த ஸ்பானரையும் எடுக்கக்கூடாது. பார்க்க மட்டும் வேண்டும். படம் பிடிக்க வேண்டும், எந்தக் குழாய் எதற்கு மேலால் போகிறது என்று கீறி வைக்க வேண்டும். அப்படிப் பார்த்த ஒருநாள்தான் அந்த அடையாளங்களைப் பற்றிச் சொல்லித் தந்தார். தொழிற்சாலையில் கார் வரிசையாக நகரும்போது, ஒவ்வொருவனும் தன் வேலை முடிந்ததும் ஓர் அடையாளம் வைப்பான். இறுக்கிய திருகாணியில் ஒரு சொட்டு நிறம். பின்சுவரில் மெழுகுப் பென்சிலால் ஓர் இலக்கம். அடுத்தவனுக்குச் சொல்கிற சேதி அது: இது முடிந்தது, இதற்கு இந்தச் சாமான். கார் வாங்குகிறவனுக்காக எழுதியது அல்ல. அடுத்த மழைக்கே அழிந்து போக வேண்டியது. சிலதில் அழியாமல் நிற்கிறது.

“இது ஒருத்தன்ர கை, தவம்” என்றார் ஈப். “பேர் தெரியாது. ஆனா இஞ்ச நிண்டவன்.”

கார்களைச் சேர்க்கிறவர்களுக்கு இந்த அடையாளம் பொன். முழுக்கக் கழற்றி, நிறம் அடித்து, புதுசாக்கிய காரில் அது போயிருக்கும். அப்போது பழைய படத்தைப் பார்த்துத் திரும்ப எழுதித் தரச் சொல்வார்கள். ஈப் எழுதினார், எங்களில் இன்னொருவனும் எழுதினான். ஒருதரம் சுவீடனில் இருந்து வந்த ஒரு சேகரிப்பாளர் எட்டிப் பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். “இந்தக் காரை யூலண்டிலயோ செய்தவங்கள்?” என்றார். டெனிஷ்காரர் ஒன்றுக்கு மேலே ஒரு கொடி வைப்பார்கள், ஏழுக்கு நடுவில் ஒரு கோடு போடுவார்கள். அமெரிக்கன் ஒன்றை வெறும் தடியாக எழுதுவான். ஏழுக்குக் கோடு இல்லை. எத்தனை முயன்றாலும் ஈப்பின் கை பழக்கத்தில் கொடியை வைத்துவிடும்.

இரண்டு நாள் கழித்து, நான் ஒரு மட்டைத் துண்டில் டயர் காற்று அளவுகளை எழுதி வைத்திருந்ததை ஈப் எடுத்துப் பார்த்தார். கனநேரம் பார்த்தார்.

“தவம், இஞ்ச வா. உனக்கு ஆர் உப்பிடி எழுதக் காட்டித் தந்தது?”

பயந்துபோனேன். என் எழுத்தைப் பார்த்து யாரும் நல்லதாக ஒன்றும் சொன்னதில்லை. “பள்ளிக்கூடத்தில, மேஸ்டர். அஞ்சு வருசம்தான் போனனான்.”

“நல்லகாலம். ஆறாவது வருசம் கெடுத்திருப்பாங்கள்.”

அன்றையிலிருந்து அந்த கராஜில் அடையாளம் எழுதுகிறவன் நான். வெள்ளைக்காரன் எங்கள் பள்ளிக்கூடத்தில் விட்டுப்போன ஒன்றும் ஏழும் யூலண்டில் எனக்குச் சோறு போடும் என்று யார் நினைத்தது?

ஆனால் ஈப் ஒரு சட்டம் வைத்தார். நான் எழுதிய ஒவ்வொரு இலக்கத்தின் முடிவிலும் குண்டூசித் தலை அளவில் ஒரு பச்சைப் புள்ளி வைக்க வேண்டும். காரின் கோப்பில் படம் ஒட்டி, இது நாங்கள் திரும்ப எழுதியது என்று பதிய வேண்டும். தேடினால்தான் புள்ளி தெரியும். தேடுகிறவனுக்குத் தெரிந்தால் போதும் என்பார். “நாங்கள் செய்தது எண்டால் நாங்கள் செய்தது எண்டு சொல்லுவம். வெக்கப்பட ஒண்டும் இல்லையே.” பச்சை நிறப் போத்தல் ஒன்று எப்போதும் என் ஆயுதப் பெட்டிக்குள் இருந்தது. இன்னமும் இருக்கிறது.

இருதயம் பலவீனப்பட்டு ஈப் கராஜை விற்றார். வாங்கியவர் பெயர் மோர்டன். வேலை தெரியாதவர் என்று சொல்லமாட்டேன். கணினி வைத்து எஞ்சினைப் பார்ப்பதில் கெட்டிக்காரர். ஆனால் அவருக்குக் கார் என்றால் படம். இணையத்தில் போட, கழுவி மினுக்கி, வெளிச்சம் பிடித்து எடுக்கிற படம். ஈப் அடுத்த குளிர்காலத்தில் இறந்துபோனார். செத்தவீட்டுக்கு வெளியே எட்டுக் கறுப்புக் கார்கள் நின்றன. வந்து நின்றதும், நிறுத்த முன், எட்டு எஞ்சினும் இரண்டு நிமிடம் சும்மா ஓடின.

இனி அந்தக் கார்.

இங்கரின் கணவரின் பெயர் போல். இறைச்சித் தொழிற்சாலையில் வரிசையில் நின்று வேலை செய்தவர். வேறு சேகரிப்பாளர்களைப் போல வசதியானவர் அல்ல. சேர்த்துச் சேர்த்து ஒரே ஒரு காரை அமெரிக்காவில் இருந்து கப்பலில் எடுப்பித்தார். அதற்கு நிறம் அடிக்கவில்லை, ஒன்றையும் மாற்றவில்லை. ஒவ்வொரு வசந்தத்திலும் போர்வையை எடுத்து, முன்மூடியைத் திறந்து, பின்சுவரில் இருந்த 1174ஐ விரலால் தொட்டு, “குட் மோர்னிங், தோழர்” என்பாராம். அவரும் வரிசையில் நின்று இறைச்சிக்கு முத்திரை குத்தியவர். அந்த இலக்கத்தை எழுதியவன் அவருக்கு அன்னியன் இல்லை. போல் இறந்த பிறகு இங்கர் காரை விற்காமல் தானே ஓட்டினார். எழுபது வயதில், வெள்ளை முடியோடு, அந்தக் கறுப்புக் காரில்.

ஆறு வருடத்துக்கு முன் நீலப் புகை வருகிறது என்று கொண்டு வந்தார். டர்போவின் எண்ணெய்க் காப்பு வளையம் தேய்ந்திருந்தது. நான் பழைய முறைப்படி முதல் நாள் பார்த்தேன், படம் பிடித்தேன், 1174ஐ மூன்று கோணத்தில் பிடித்தேன். இரண்டாம் நாள் சுழலியைக் கழற்றினேன். ஆணிகள் முப்பத்தைந்து வருடம் சூட்டில் கிடந்தவை, அவசரப்பட்டால் தலை முறியும். சூடாக்கி, எண்ணெய் விட்டு, கால் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே. ஓர் ஆணிக்கு ஒரு மணித்தியாலம் போனது. அதை எடுத்துக்கொண்டு, வளையம் மாற்றுவிக்க இன்னொரு பட்டறைக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது கார் வெளியே நின்றது. எஞ்சின் அறையில் இருந்து நீர் சொட்டியது. மோர்டன் கையில் சுடுநீர் அடிக்கிற குழாய்.

“பார் தவம், எவ்வளவு வடிவா இருக்கு! இப்ப படம் எடுக்கலாம்.”

நான் பின்சுவரைப் பார்த்தேன். வெறும் கறுப்பு. ஒரு மஞ்சள் கீறுகூட இல்லை.

“இலக்கம் எங்க?”

“எந்த இலக்கம்?”

நான் கை காட்டினேன். அவர் முகம் மாறியது. அவருக்கும் தெரியும். குழாயைக் கீழே வைத்தார்.

“உன்னட்ட படம் இருக்குத்தானே? எழுதிவிடு.”

“இங்கருக்கு?”

“நான் சொல்லுறன். இண்டைக்கே எடுத்துக் கதைக்கிறன். நீ எழுது.”

“பச்சைப் புள்ளி?”

“அது வேண்டாம். கோப்பில பதிஞ்சு விடுறன். புள்ளியைக் கண்டால் வாற போற ஆக்கள் எல்லாம் கேப்பாங்கள்.”

நான் எழுதினேன். அதை மறைக்கப்போவதில்லை. முதலில் பழைய மட்டைகளில் நாற்பது ஐம்பது தரம் எழுதிப் பழகினேன். சுவரைக் கைச்சூட்டுக்குக் காயவைத்தேன், குளிர்ந்த தகட்டில் மெழுகு பிடிக்காது. பிறகு ஒரே மூச்சில் எழுத வேண்டும். நின்று நின்று எழுதினால் நடுக்கம் காட்டிக் கொடுக்கும். வரிசையில் நின்றவனுக்கு யோசிக்க நேரம் இருந்திருக்காது, ஆகவே நானும் யோசிக்காமல் எழுதினேன். அது ஆற, தூசி தூவி, உள்ளங்கையால் ஒருமுறை அழுத்தித் துடைத்தேன். முப்பத்தைந்து வருடம் அங்கே இருந்தது போல வந்தது. என் வாழ்க்கையில் நான் செய்த திறமான வேலை அதுதான் என்று நினைக்கிறேன். அதை நினைக்கவே இன்று எனக்குக் கூசுகிறது. பச்சைப் போத்தல் பெட்டிக்குள்ளேயே கிடந்தது.

அடுத்த கோடையில் கடலேரிப் பக்கத்துப் புல்வெளியில் பழைய கார்களின் கூட்டம் நடந்தது. மோர்டன் எங்களையும் கூட்டிப் போனார். நிறம் அடித்துப் புதுசாக்காத கார்களுக்கான பரிசு இங்கரின் காருக்கு. நடுவர் பெருப்பிக்கும் கண்ணாடியோடு முன்மூடிக்குள் குனிந்தார். சுற்றி முப்பது நாற்பது பேர். நான் கடைசியில் நின்றேன்.

“இந்த ஒண்டைப் பாருங்கோ” என்றார் நடுவர். “வெறும் தடி. இந்த ஏழைப் பாருங்கோ. ஐரோப்பாவில ஆருக்கும் இப்பிடி எழுத வராது. கை பழகியிருக்க வேணும். இது அமெரிக்கத் தொழிலாளியின்ர கை. களைச்ச கை, ஆனா நம்பிக்கையான கை.”

எல்லோரும் கைதட்டினார்கள். என் எழுத்துக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே கைதட்டு.

கூட்டம் கலைந்ததும் இங்கர் என்னைக் கண்டு கூப்பிட்டார். இலக்கத்தை விரலால் தொட்டுக் காட்டினார். “போல் இல்லாததால இப்ப நான்தான் சொல்லுறன், தவம். ஒவ்வொரு வசந்தமும். குட் மோர்னிங், தோழர்.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மோர்டன் அவரிடம் சொல்லவில்லை.

நான் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். திங்கட்கிழமை மோர்டனிடம் போய்க் கேட்டேன்.

“அவ சந்தோசமா இருக்கிறா” என்றார். “ஏன் கெடுக்கிறாய்?”

“நீங்கள் சொல்லுறன் எண்டு சொன்னனீங்கள்.”

“பென்சில் பிடிச்சது நீ. அதையும் யோசிச்சுக்கொள்.”

யோசித்தேன். ஐந்து வருடம் யோசித்தேன். இதற்கிடையில் முதுகு விட்டுப்போய், முன்கூட்டிய ஓய்வூதியத்தோடு வீட்டில் இருக்கிறேன். நான் வாய் திறக்காதவன் என்று சொல்லித் தப்பக்கூடாது. கூச்சம் வேறு, கோழைத்தனம் வேறு. அந்த விளம்பரம் வரும்வரை நான் இரண்டையும் ஒன்றாகக் குழைத்து வைத்திருந்தேன்.

விளம்பரத்தின் கடைசி வரியை மதுராதான் வாசித்துக் காட்டினாள். இங்கர் சின்ன வீட்டுக்கு மாறுகிறார். அவருக்காக விற்றுக் கொடுப்பவர் மோர்டன். காரின் நிறமும் அடையாளங்களும் தொழிற்சாலையில் வைத்தபடியே இருக்கின்றன என்று உரிமையாளர் தன் கைப்படக் கையெழுத்து வைத்துத் தருவார் என்று போட்டிருந்தது.

“மோர்டன் கையெழுத்து வைக்கேல்லையோ?”

“நை அப்பா, இல்லை. இங்கர்தான். பொய் எண்டு தெரிஞ்சா அவதான் ஏமாத்துக்காரி.”

போலின் மனைவி, ஒரு துளி நிறம்கூட அடிக்க விடாத பெண், எழுபத்தாறு வயதில் பொய்க் கடதாசியில் கையெழுத்து வைப்பதா? அதுவும் என் பென்சிலால்?

மறுநாள் பகல் போனேன். மனைவி, “நானும் வாறன், நீங்கள் வாசல்ல நிண்டு திரும்பி வந்திடுவியள்” என்றாள். வேண்டாம் என்றேன். மஞ்சள் பென்சிலையும் பச்சைப் போத்தலையும் ஒரு மட்டைத் துண்டையும் எடுத்துக்கொண்டேன்.

டெனிஷில் எல்லோரும் எல்லோரையும் ‘நீ’ என்றுதான் சொல்வார்கள். இங்கரிடம் பேசியதை எழுதும்போது எனக்கு ‘நீங்கள்’ என்றுதான் வருகிறது. நான் நடந்ததைச் சொன்னேன். சுடுநீர், படம், பென்சில், புள்ளி எல்லாம். நான் மேசையில் மட்டையை வைத்து 1174 என்று எழுதினேன். அவர் அதைத் தூக்கிக்கொண்டு காரடிக்குப் போனார். முன்மூடியைத் திறந்து, பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். மட்டையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“எத்தின வருசம்?”

“ஆறு.”

“ஆறு வசந்தம் நான் உனக்கோ குட் மோர்னிங் சொன்னனான்?”

“ஓம்.”

“நீயும் பேசாமல் இருந்தனீ.”

“ஓம்.”

அவர் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். வீட்டுக்குள் போய் மோர்டனைத் தொலைபேசியில் எடுத்து, எனக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தார்.

“இங்கர், தவம் நல்ல மனிசன்” என்றது மோர்டனின் குரல். “ஆனா முதுகுக்கு இப்ப பலமான மருந்து எடுக்கிறார். ஏதோ குழம்பிப்போனார். நடுவரே எழுத்தில தந்திருக்கிறார், உது ஐரோப்பியன்ர கை இல்லை எண்டு. தவம் பாவம், அவருக்கு டெனிஷே வடிவா எழுதத் தெரியாது.”

இதை நான் எத்தனை தரம் நினைத்தாலும் இரத்தம் கொதிக்கிறது. என் கை எழுதியதைப் பெருப்பிக்கும் கண்ணாடி வைத்துப் புகழ்ந்தார்கள். அந்தக் கைக்காரனே வந்து ‘நான்’ என்று சொன்னால் அவனுக்கு எழுதத் தெரியாதாம், மருந்தில் குழம்பிவிட்டானாம். ஐந்தாம் வகுப்புக்காரனின் கை வேண்டும், வாய் வேண்டாம். அமெரிக்காவில் அந்த வரிசையில் நின்றவன் மட்டும் என்ன பட்டதாரியா? பேர் தெரியாமல் தூரத்தில் இருந்தால் தொழிலாளி தெய்வம். பக்கத்தில் நின்று பேசினால் பைத்தியம்.

இங்கர் தொலைபேசியை வைத்தார்.

“பச்சையைக் கொண்டு வந்தனியோ?”

போத்தலைக் காட்டினேன்.

“அழிச்சு விடட்டோ?” என்று கேட்டேன்.

“ஏன் அழிக்க? அதுவும் ஒருத்தன்ர கைதானே. புள்ளியை வை.”

காரடிக்குப் போய் நாலுக்குப் பக்கத்தில் குண்டூசித் தலை அளவில் வைத்தேன். ஆறு வருடம் பிந்தி. அவர் குனிந்து பார்த்தார்.

“வாங்க வாறவர் செவ்வாய்க்கிழமை வாறார்” என்றார். “மோர்டனும் நடுவரின்ர கடிதத்தோட வருவார். நீயும் வா. அதுக்கு முன்னம் எல்லாத்தையும் எழுது. காரின்ர கோப்புக்குள்ள அது இருக்க வேணும்.”

“டெனிஷில எனக்கு...”

“உனக்கு வாற பாஷையில எழுது. மகள் மொழிபெயர்க்கட்டும். அடியில திகதியை மட்டும் உன்ர கையால போடு. அதை வாசிக்க ஒருத்தருக்கும் மொழிபெயர்ப்பு வேண்டாம்.”

அன்று அவர் எனக்குக் கோப்பி தரவில்லை. டெனிஷ் வீட்டில் கோப்பி தராமல் அனுப்புவது என்ன என்று இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். நான் அதற்குத் தகுதியானவன்தான்.

நாளைக்குச் செவ்வாய்க்கிழமை. போவேன். முப்பது பேர் நின்றாலும் இந்தமுறை முன்னால் நிற்பேன். வாய் வராவிட்டால் இந்தக் கடதாசி பேசட்டும். ஒரு பிரதி காரின் கோப்புக்கு, ஒரு பிரதி மலருக்கு.

தம்பிமாரே, நான் முதலில் சொன்ன இடம் இதுதான். மற்ற எல்லாவற்றையும் உங்கள் இஷ்டப்படி திருத்துங்கள். கீழே உள்ள திகதியை மட்டும் நான் எழுதியபடியே படம் பிடித்துப் போடுங்கள். அதில் ஒன்றும் ஏழும் இருக்கின்றன. விளம்பரத்தில் இருக்கும் இலக்கத்துக்குப் பக்கத்தில் வைத்து, விரும்பினால் பெருப்பிக்கும் கண்ணாடி பிடித்து, யாரும் பார்க்கலாம்.

17.11.2025